மூக்குக்கு எட்டாத பொதிகை

திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி வழியாகப் பாபநாசம் போகிற பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலும் எந்த ஊர் வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். டவுனை விட்டு நகரும் வரை அல்வாக் கடை நெய். பத்தமடையில் பாய் முடையக் காயப்போட்ட கோரை. கல்லிடைக்குறிச்சியில் உளுந்தும் பெருங்காயமும் கலந்த அப்பள வாசம். அம்பாசமுத்திரத்தைத் தொடும்போது வாய்க்கால் ஈரம். பொதிகை மலையின் தென்றலையும் சந்தனத்தையும் விட்டுவிட்டுப் பாடிய தமிழ்ப் புலவர்களும் குறைவு. மூக்குக்கு இவ்வளவு மரியாதை தரும் பள்ளத்தாக்கில், அந்த மூக்கு எத்தனை கொஞ்சமாகச் சொல்கிறது என்று காட்டத்தான் என் அக்கா மகள் தை மாதத்தில் என்னைச் சென்னையிலிருந்து இழுத்து வந்தாள்.

பெங்களூரில் அவள் ஆராய்ச்சி மாணவி. செடியும் மரமும் காற்றில் விடும் ஆவிகளைப் பிடித்து, இன்னது இவ்வளவு என்று அளப்பது வேலை. ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் என்று பாடப்புத்தகம் எழுதும். அவர்கள் பேச்சில் வெறும் வி.ஓ.சி. பஸ்ஸில் அவள் போனில் “இன்னிக்கு நாலு வி.ஓ.சி. எடுத்துடலாம்” என்று யாரிடமோ சொல்ல, முன் சீட்டுப் பெரியவர் அக்கறையோடு திரும்பினார். “வ.உ.சி. மைதானம் பாளையங்கோட்டைலல்லா இருக்கு தாயி. இது பாவநாசம் வண்டி.”

வீரவநல்லூரில் இறங்கி ஆட்டோ பிடித்துத் திருப்புடைமருதூர் போனோம். கடனா நதி தாமிரபரணியோடு கலக்கிற ஊர். சுவாமி பெயர் நாறும்பூநாதர். ராஜகோபுரத்துக்குள் நிலை நிலையாக ஏறினால் சுவரெல்லாம் ஓவியம், தூணெல்லாம் மரச் சிற்பம். ஆற்றங்கரையில் வயதான மருத மரங்கள். அவற்றில் அடையும் பறவைகளுக்காக 2005இல் அந்த இடத்தைக் காப்பகமாக அறிவித்தார்கள். நாங்கள் போன காலையில் நாரைகளும் நீர்க்காகங்களும் கிளைக்குக் கிளை சண்டை போட்டுக்கொண்டிருந்தன. மரத்தடி முழுக்க எச்சம். “இங்க பம்பைப் போட்டா பறவை வாடைதான் கிடைக்கும்” என்று சொல்லி, ஊருக்கு வெளியே தெரிந்தவர் தோப்பில் நிற்கும் ஓர் அத்தியிடம் அழைத்துப் போனாள்.

அடிமரத்திலேயே குலை குலையாகக் காய்த்திருந்தது. அத்திக்காய் என்று நாம் சொல்வது வாயை மூடிக்கொண்ட ஒரு பூங்கொத்து. நுண்ணிய பூக்கள் எல்லாம் உள்சுவரில் இருக்கின்றன. வெளியிலிருந்து உள்ளே போக நுனியில் ஓர் ஊசித்துளை. அதில் நுழைந்து மகரந்தம் சேர்க்கும் குளவி இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். சிறகு முளைத்து வெளியே வந்தபின் அதன் ஆயுள் ஓரிரு நாள். அதற்குள் இன்னோர் அத்தியை, அதுவும் பூக்கள் மகரந்தத்துக்குத் தயாராக இருக்கும் அத்தியை, கண்டுபிடித்தாக வேண்டும். தோப்புக்கு ஒரு மரம், ஆற்று வளைவுக்கு ஒரு மரம் என்று நிற்கும் ஊரில் பறந்து பறந்து தேடி முடியாது. மரம் விடும் ஆவிதான் அதற்கு வழி சொல்கிறது.

அந்த ஆவியைப் பிடிக்கும் சாமான்கள் ஒரு முதுகுப்பைக்குள் அடங்கிவிட்டன. முதலில் வந்தது, ஓவனில் இறைச்சி வேகவைக்க விற்கும் பாலியெஸ்டர் உறை. வெயிலில் சூடானாலும் தன் வாசனை எதையும் பெரிதாகக் கக்காது என்பதால் உலகெங்கும் இந்தத் துறையில் அதைத்தான் மரத்தில் மாட்டுகிறார்கள். ஒரு குலையை உறைக்குள் விட்டு, காம்போடு சேர்த்து டெஃப்லான் நாடாவால் கட்டினாள். ஒரு குழாய் வழியாக உள்ளே போகும் காற்று முதலில் கரித்தூள் வடிகட்டியைத் தாண்டி, வெளி வாசனைகளை உதறிவிட்டுப் போகிறது. இன்னொரு குழாய் வழியாக பேட்டரிப் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. இரண்டுக்கும் நடுவில், விரல் நீள எஃகுக் குழலில் டெனாக்ஸ் என்ற வெள்ளைக் குருணை. அத்தி விட்ட ஆவி அந்தக் குருணையில் ஒட்டிக்கொள்ளும், காற்று வெளியேறிவிடும். பம்ப் நிமிடத்துக்கு 200 மில்லிலிட்டர் இழுத்தது. ஒரு மணி நேரத்துக்கு 12 லிட்டர் காற்று.

பக்கத்துக் கிளையில் காய் எதுவும் இல்லாமல் இன்னோர் உறையைக் கட்டினாள். அதற்கும் வடிகட்டி, பம்ப், குழல் எல்லாம் உண்டு. உறையின் வாசனை, குழாயின் வாசனை, தோப்பின் பொது வாசனை எல்லாம் அதில் விழும். கடைசியில் அத்திக் கணக்கிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். வெப்பநிலை, ஈரப்பதம், வெளிச்சம், நேரம் நான்கையும் நோட்டில் குறித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“மாமா, நெத்தியில சந்தனம், சட்டைப் பையில கற்பூரம். காத்து உங்க பக்கமிருந்துதான் வருது. அந்தத் தென்னைக்குப் பின்னால போய் நில்லுங்க.”

கற்பூரமும் இவள் தேடும் டெர்பீன் குடும்பத்துச் சரக்குத்தான். கொசு விரட்டும் களிம்பு, ஆரஞ்சுத் தோல், வலி மருந்து, தலையில் வைத்த மல்லிகை எதுவும் மரத்தடிக்கு வரக் கூடாது. ஒரு மணி நேரத்தில் குழலில் சேர்வதை நானோகிராமில் எண்ணுகிறார்கள். நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த அளவில் பார்த்தால் கோயிலுக்குப் போய்வந்த நெற்றி ஒரு சிறு தொழிற்சாலை.

பெங்களூர் போனதும் குழலைச் சுமார் 250 டிகிரிக்குச் சூடாக்கி, ஹீலியம் வாயுவை உள்ளே விடுவார்கள். ஒட்டியிருந்தது எல்லாம் கழன்று, 30 மீட்டர் நீளமும் கால் மில்லிமீட்டர் துவாரமும் உள்ள கண்ணாடி இழைக்குள் போகும். அந்த இழை சுருட்டி ஓர் அடுப்புக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. அடுப்பின் சூடு மெல்ல ஏற, ஒவ்வொரு பொருளும் தனக்கான நேரத்தில் மறுமுனையில் வெளிவரும். அங்கே எலக்ட்ரான் கற்றை அதை உடைக்கும். உடைந்த துண்டுகளின் எடைகளை வைத்து இது லினலூல், இது காரியோஃபிலீன் என்று அடையாளம் காண்பார்கள். அளவு தெரிந்த அசல் பொருளையும் இதே வழியில் விட்டு ஒப்பிட்டால் எவ்வளவு என்றும் சொல்லலாம்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ரெனீ போர்ஜஸும் அவருடன் வேலை செய்தவர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதே அத்தி இனத்தைப் பற்றியது. காய் வளர வளர அது விடும் ஆவிக் கலவை மாறுகிறது என்று அளந்து காட்டினார்கள். அதே காய் பகலில் விடுவது ஒன்று, இரவில் விடுவது வேறு. மகரந்தத்துக்குத் தயாரான பருவத்தில், பகலில் மட்டும் தலைகாட்டும் பொருள்கள் உண்டு. மகரந்தக் குளவி பறப்பதும் பகலில்தான். பிறகு, காய்க்குள் முட்டையிட்டுத் தின்னும் ஒட்டுண்ணிக் குளவிகள் துளைக்கத் தொடங்கியதும், புல் வெட்டினால் எழுமே அந்தப் பச்சை வாசனைக் கூட்டம் கூடுகிறது.

இன்னொன்றும் அதில் தெரிந்தது. வெயில் ஏறினால் ஆவி கூடும், அவ்வளவுதானே என்று நாம் நினைப்போம். ஒவ்வொரு பொருளும் எவ்வளவு எளிதாக ஆவியாகும் என்று கணக்கிட்டுப் பார்த்தார்கள். இரவு பகல் வித்தியாசம் அந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. இலைத்துளையைத் திறப்பது மூடுவதிலோ, பொருளைத் தயாரிப்பதிலோ மரத்தின் கை இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். காலையில் முகர்ந்தாலும் மாலையில் முகர்ந்தாலும் எனக்கு அந்த அத்தியில் லேசான பால் வாடை தவிர வேறில்லை. என் மூக்குக்கு முன்னால்தான் வேளைக்கு வேளை ஆளுக்கு ஒரு சேதி போய்க்கொண்டிருந்தது.

அம்பாசமுத்திரத்தில் பிசான நெல் கதிர் சாய்ந்து நின்றது. பள்ளத்தாக்கின் நடுவே ஆற்றை அணை அணையாகத் தடுத்து நதியுண்ணி, கன்னடியன், கோடகன், பாளையன் என்று கால்வாய்கள் பிரிகின்றன. கார், பிசானம் என இரண்டு போகம். 1937இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இங்கே இருக்கிறது. தமிழ்நாடு முழுக்க ‘அம்பை 16’ என்று மூட்டையில் எழுதியிருப்பது இங்கிருந்து 1986இல் வெளிவந்த ரகம். ஆனால் இந்த நிலையத்தின் இன்னொரு பிள்ளை வெளிநாட்டில் அதைவிடப் பிரபலம். கார் சம்பாவிலிருந்து தேர்ந்தெடுத்த ஏ.எஸ்.டி. 7. பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சிக் கழகத்தில் ஆத்வாலும் பதக்கும் கூட்டாளிகளும் 1971இல், புகையான் பூச்சியைத் தாங்கும் மரபணு ஒன்றை இந்த ரகத்தில் கண்டார்கள். பி.பி.எச். 2 என்று அதற்குப் பெயர். புகையான் ஆராய்ச்சி எந்த நாட்டில் நடந்தாலும் இன்றும் ஏ.எஸ்.டி. 7 நாற்று ஒரு தட்டில் நிற்கும். அம்பாசமுத்திரத்து நெல்லுக்கு அது பாஸ்போர்ட் இல்லாத உலகப் பயணம்.

கன்னடியன் கால்வாய் வரப்பில் ஒரு விவசாயியிடம், புகையான் விழுந்தால் வாடை தெரியுமா என்று கேட்டேன். “வாடையா? வாடை வர்ற வரைக்கும் இருந்தா வயலு கருகிருமே அண்ணாச்சி” என்று இறங்கி, குனிந்து, ஒரு தூரைக் கையால் தட்டினார். தண்ணீரில் இரண்டு மூன்று பழுப்புப் பூச்சிகள் விழுந்து துள்ளின. “இந்த அளவுன்னா பரவால்ல. அந்தா சிலந்தி நிக்கில்லா, அது பாத்துக்கிடும்.” வயலில் ஊன்றியிருந்த குச்சிகளில் கரிச்சான் குருவிகள் உட்கார்ந்திருந்தன.

அவர் தூரைத் தட்டிப் பார்ப்பதைப் பூச்சிகள் மோந்து பார்த்துச் செய்கின்றன. 1985இல் சக்சேனாவும் ஒக்கெச்சும், தாங்கும் ரகங்களிலிருந்து ஆவியை நீராவியில் பிரித்தெடுத்துப் புகையானிடம் காட்டிப் பார்த்தார்கள். அந்த வாசனை பூச்சியை நெருங்கத் தயங்க வைத்தது. ரகத்தின் பலம் முழுவதும் அதில் இல்லை. ஆனால் சாறு குடிக்க ஊசியை இறக்கும் முன்பே பேச்சுவார்த்தை தொடங்கிவிடுகிறது என்பது அதில் தெரிந்தது. சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகத்தார் 2012இல் இன்னும் ஒரு படி போனார்கள். பூச்சி கடித்ததும் நெல் விடும் லினலூல் என்ற ஆவியைத் தயாரிக்க முடியாத நெல்லை உருவாக்கி வயலில் நட்டார்கள். லினலூல் புகையானை விலக்குகிறது, பூச்சியைத் தின்னும் இரைகொல்லிகளையும் முட்டைக்குள் முட்டையிடும் நுண்குளவிகளையும் அழைக்கிறது என்று தெரிந்தது. நெல் எப்போதும் விட்டுக்கொண்டிருக்கும் காரியோஃபிலீனோ அந்தக் குளவியையும் கூப்பிடுகிறது, புகையானையும் கூப்பிடுகிறது. ஒரே பயிர், இரண்டு ஆவி, இரண்டு கணக்கு. விவசாயி காட்டிய சிலந்தியை யார் அழைத்து வந்தது என்று அதற்குப் பிறகு என்னால் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

மறுநாள் மணிமுத்தாறு சோதனைச் சாவடியில் வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு மலை ஏறினோம். அணையும் அருவியும் கீழே போக, இலையுதிர்க் காடு பசுமைமாறாக் காடாகிறது. பிறகு திடீரென்று தேயிலை. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் பம்பாய் பர்மா கம்பெனி 99 வருடக் குத்தகைக்கு எடுத்த 8,374 ஏக்கருக்குள் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எல்லாம் வருகின்றன. 1999இல் இந்தத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காக நடந்த ஊர்வலத்தில்தான் திருநெல்வேலி ஆற்றங்கரையில் 17 உயிர்கள் போயின. 2024 நடுவில் தோட்ட வேலையே நின்றுவிட்டது. கவாத்து இல்லாத செடிகள் இடுப்பைத் தாண்டி ஆள் உயரத்துக்கு எழுந்து, மஞ்சள் மகரந்தத் தாள்களோடு வெள்ளையாகப் பூத்திருந்தன. கொழுந்து கிள்ளும் கை இருக்கும்வரை தேயிலை பூக்க இடம் இல்லை.

வழியோரத்தில் உதிர்ந்து கிடந்த ஒரு கொழுந்தை எடுத்து உள்ளங்கையில் கசக்கினாள். முதலில் பச்சை வாடை. கொஞ்சம் பொறுத்தால் பூ வாசம். தேயிலை தன் நறுமணப் பொருள்களைச் சர்க்கரையோடு பிணைத்துப் பூட்டி வைத்திருக்கிறது. இலை கிழிந்தால் நொதி வந்து பூட்டைத் திறக்கும். லினலூல், ஜெரானியால், மெத்தில் சாலிசிலேட் கிளம்பும். கடைசிப் பெயர் புதிது போலத் தோன்றினால், முட்டிவலிக் களிம்பை முகர்ந்து பாருங்கள், அதேதான். தைவானில் ஒரு வகைத் தேநீருக்காகத் தத்துப்பூச்சி கடித்த இலைகளையே தேடிப் பறிக்கிறார்கள். கடிபட்ட இலையின் தற்காப்புச் சரக்கு கோப்பையில் தேன் மணமாக வருகிறது. செடியின் காயத்துக்கு விலை வைத்து விற்கும் தொழில் தேயிலை என்று அந்த உள்ளங்கையில்தான் எனக்குப் புரிந்தது.

காக்காச்சியில் தேயிலை முடியும் இடத்தில் மழைக்காடு சுவர் போல எழுகிறது. 1990களில் சௌபத்ரா தேவியும் டி. கணேஷும் இந்த மரங்களில் கயிறு கட்டி உச்சிக்கு ஏறி, எந்தப் பூவுக்கு யார் வருகிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்தார்கள். தேவியும் பிரியா தாவிதாரும் 2003இல் வெளியிட்ட கட்டுரையில் எண்பதுக்கும் மேற்பட்ட மர இனங்களின் மகரந்தச் சேர்க்கைக் கணக்கு இருக்கிறது. பெரும்பாலும் பூச்சிகள். வெடிபலாவுக்கு மட்டும் குரங்கும் அணிலும் வௌவாலும் வருகின்றன. சிங்கவால் குரங்கு தின்ன வந்து, மூஞ்சியில் மகரந்தம் அப்பிக்கொண்டு போகிறது. காட்டின் வாசனைச் சந்தை முப்பது மீட்டர் உயரத்தில் கூடுகிறது. நாம் தரையில் நின்று மக்கிய இலையை முகர்ந்துவிட்டு ‘காட்டு மணம்’ என்கிறோம்.

அந்தக் கூரையிலிருந்து அதிகமாக வெளியேறும் பொருளுக்கு நம்மைப் பொறுத்தவரை வாசனையே இல்லை எனலாம். ஐசோப்ரீன். ரப்பர் என்பது இந்த மூலக்கூறு நீளச் சங்கிலியாகக் கோத்தது. மூங்கிலும் தைல மரமும் இதைத் தாராளமாக விடும். உலகத் தாவரங்கள் ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டன் ஐசோப்ரீனைக் காற்றில் விடுகின்றன. எல்லா ஆவியும் சேர்ந்து சுமார் 100 கோடி டன். மீத்தேன் பற்றி உலகமே பேசுகிறது. அதுவும் ஐசோப்ரீனும் எடையில் ஏறக்குறைய ஒரே தராசுத்தட்டு. வெளிச்சம் இருந்தால்தான் இலை இதை விடும். இருட்டினால் சில நிமிடங்களில் நின்றுபோகும். இலை சூடாக ஆகக் கூடிக்கொண்டே போய், 40 டிகிரியை ஒட்டி உச்சம் தொடும். வெப்பத்தில் இலை வாடாமல் காக்க இது உதவுகிறது.

அவள் கொண்டுவந்த டெனாக்ஸ் குழலில் ஐசோப்ரீன் நிற்காது. அயிரை மீன் பெரிய கண் வலையில் தப்புவது போல அத்தனை சிறிய மூலக்கூறு நழுவிவிடும். அதற்கு வேறு வகைக் கரிக்குருணை வேண்டும். இல்லையென்றால் காற்றை அப்படியே உறிஞ்சி நொடிக்கு நொடி எடை பார்க்கும் புரோட்டான் பரிமாற்றக் கருவி வேண்டும். 1990களில் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் உருவான அந்தக் கருவியை வைத்து மொகாலி ஐசரில் விநாயக் சின்ஹாவின் குழு பஞ்சாப் காற்றை அளந்தது. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வார்ஷ்ணேயின் குழு, நம் ஊர் மரங்களின் கிளைகளை உறையிலிட்டு எது அதிகம் விடுகிறது, எது குறைவு என்று பட்டியலிட்டது. அந்தப் பட்டியல் நகராட்சிகளுக்கும் வேண்டும். வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடோடு வெயிலில் சேர்ந்தால் ஐசோப்ரீன் தரைமட்ட ஓசோனாக முடியும். வண்ணார்பேட்டைச் சாலையோரத்தில் என்ன மரம் நடுவது என்ற கேள்விக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது.

குதிரைவெட்டியில் பார்வை திறக்கிறது. கீழே மணிமுத்தாறும் காரையாறும் தகடு தகடாக மின்ன, 1,868 மீட்டர் அகத்தியமலை பக்கத்து முகடுகளுக்குப் பின்னால் நீலமாக நின்றது. 1960இல் ஃபிரிட்ஸ் வென்ட் என்ற தாவரவியலாளர் ‘நேச்சர்’ இதழில், மலைகளின் மேல் படரும் நீல மூட்டத்துக்குச் செடிகளின் ஆவியும் காரணம் என்று எழுதினார். அந்த ஆவி ஓசோனோடு சேர்ந்து நுண்துகளாகிறது. துகள் நீல ஒளியைச் சிதறடிக்கிறது. பொதிகையின் நீலத்தில் ஈரமும் தூசியும் சமவெளிப் புகையும் கூட்டாளிகள். ஒரு பங்கு இலைகளின் மூச்சு. மூக்கு தவறவிட்டதில் கொஞ்சத்தை அங்கே கண் பார்த்துவிடுகிறது.

புலவர்கள் பாடிய சந்தனத்தைப் பற்றிக் கேட்டேன். நிற்கிற சந்தன மரத்தில் மணம் வராது என்றாள். மணம் வயிரத்தில் இருக்கிறது. வெட்டி, இழைத்த பிறகுதான் நமக்குக் கிடைக்கும். மரம் தன் உயிரோடு விடுவது வேறு, நாம் அதை மணம் என்று கொண்டாடுவது வேறு. மனிதனுக்காக என்று இந்த மலை எந்த ஆவியையும் விடவில்லை. குளவிக்கு, சிலந்திக்கு, வௌவாலுக்கு, தன் இலையின் சூட்டுக்கு என்று விடுகிறது. அதன் ஓரத்தில் சிந்துவதைத்தான் நாம் தென்றல் என்று எடுத்துக்கொண்டோம்.

பொதிகைப் பக்கம் போகிறவர்களுக்கு எல்லோரும் விடியற்காலையைச் சிபாரிசு செய்வார்கள். நான் மத்தியானம் பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் ஒரு மணி நேரத்தையாவது ஒதுக்கச் சொல்வேன். திருப்புடைமருதூர் அத்தி, அம்பை வரப்பு, காக்காச்சி விளிம்பு மூன்றில் எங்கே நின்றாலும் சரி. பனி இருக்காது, குளிர்ச்சி இருக்காது, படம் எடுக்க வெளிச்சமும் சரியாக இருக்காது. ஆனால் குளவி பறக்கும் வேளை அது, காடு தன் உற்பத்தியின் உச்சத்தில் இருக்கும் வேளையும் அதுதான். சென்ட் மட்டும் போட்டுக்கொண்டு போகாதீர்கள். பக்கத்தில் யாராவது பம்ப் வைத்துக்கொண்டு நிற்கலாம்.